முதல் சலம்

விடிய அஞ்சரைக்கு அவனை எழுப்பமுன்னம்
போன் வெளிச்சத்தைக் கிட்டப் பிடிச்சுக்
கண்மடலைப் பார்ப்பன்.
"அம்மா, கூசுது" எண்டு மற்றப்பக்கம் திரும்புவான்.
வீக்கமா, நித்திரை ஊதலா?
எட்டு வருசமாய்ப் பார்க்கிற முகம்,
இந்த நேரத்தில மட்டும்
எனக்குப் பிடிபடாது.

பிறகு ஜாம் போத்தல்.
கிளினிக்கில தந்த கண்ணாடிக் குழாய்,
மெழுகுதிரி, வினாகிரி மூண்டு துளி.
மேல்பாதியை மட்டும் சூடாக்கச் சொன்ன மிஸ்
தன்ர விரலைச் சுட்டுக்கொண்டுதான் காட்டித் தந்தா.
தெளிவாய் நிண்டால் பூச்சியம்.
புகைமாதிரிக் கலங்கினால் ஒரு சக.
அவிச்ச முட்டை வெள்ளையாய்த் திரண்டால் மூண்டு.
"மூண்டுநாள் மூண்டு வந்தால்
ஏத்திக்கொண்டு வாங்கோ, யோசிக்க வேண்டாம்."

கொப்பியில எழுதுறன்.
வைகாசி முழுக்கப் பூச்சியம்.
பள்ளிக்கூடத்தில எனக்குப் பூச்சியம் போட்ட
கணக்கு ரீச்சர் உயிரோட இருந்தால்
கொண்டுபோய்க் காட்டியிருப்பன்.

குளிசை ஏழு, ஒருநாள் விட்டு ஒருநாள்.
அது கன்னத்தை உப்ப வைக்குது.
"நல்லா உடம்பு வைச்சிட்டான்" எண்டு
கடைக்காரி கிள்ளுறா.
நான் ஓமெண்டு சொல்லிப் பருப்பு வாங்கிறன்.

பசி. சாப்பிட்டுக் கைகழுவ அடுத்த பசி.
ஆனால் உப்பில்லாத சோறு, உப்பில்லாத சொதி.
தேசிக்காய் கூடப் பிழிஞ்சு பார்த்தன்,
ஏமாறேல்லை.
கோப்பையைத் தள்ளிப்போட்டு
அடுப்படித் தட்டில, எட்டாத உயரத்தில இருக்கிற
பேணியைப் பார்ப்பான்.

தகப்பனுக்கு வேலை ஆனையிறவு உப்பளத்தில.
பின்னேரம் உமையாள்புரம் திரும்பினால்
சைக்கிளைச் சாத்தி நேரே கிணத்தடி,
அது வீட்டுச் சட்டம்.
கால்வெடிப்பில, காச்சட்டை மடிப்பில,
புருவத்திலகூட வெள்ளை.

நேற்று நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டன்.
திரும்பிப் பார்த்தால்
படியில இருந்த தகப்பன்ர முழங்கையை
யதுசன் நக்கிக்கொண்டிருக்கிறான்,
கண்ணை மூடி, பசுக்கன்றுமாதிரி.
அவர் கையை இழுக்கேல்லை.
என்னைப் பார்த்தார்.
ஏச வாயெடுத்தன்,
இடையில சிரிப்பு வந்தது,
அதுவும் பாதியில நிண்டுபோச்சு.
"கிணத்தடிக்குப் போங்கோ" எண்டன்.
"ரெண்டுபேரும்."

இண்டைக்கு மெழுகுதிரி பத்தமாட்டன் எண்டுது.
நெருப்புக்குச்சி நாலு.
குழாயை யன்னலுக்கு நேரே பிடிக்கிறன்.
முதுகுக்குப் பின்னால தகப்பன்,
மூச்சுச் சத்தமும் இல்லை.
கலங்கினமாதிரி இருக்கு.
இல்லை, அது கண்ணாடியில
என்ர பெருவிரல் அடையாளம்.

சட்டைத் தலைப்பால துடைச்சுப்போட்டுத்
திரும்பப் பார்க்கிறன்.