புகை குறைந்த காலை

முதலில் பயந்தது தவமலர்தான்.
ஐந்தரைக்கு லயத்துக் கதவைத் திறந்தவள்
எதிர்மலை ஸ்டோரைப் பார்த்திருக்கிறாள்.
புகைக்குழாய் வெறுமனே நின்றிருக்கிறது.
"மூடிட்டாங்களா?"
போனில் அவள் மூச்சுதான் முதலில் வந்தது.
அடுப்பு வாயில் முகம் வெந்துகொண்டிருக்க
"எரியுது, நல்லா எரியுது" என்றேன்.
நம்பவில்லை.

எப்படி நம்புவாள்?
எங்களுக்குப் புகைதான் பிரட்டு மணி.
வெள்ளையாய்ப் பருத்து அது பள்ளத்தில் இறங்கினால்
அன்றைக்குக் கொழுந்து உண்டு, பேர் உண்டு,
பத்தாம் தேதி சம்பளம் உண்டு.
ஸ்ட்ரைக் நாளில் மட்டும்தான்
அந்தக் குழாய்க்குப் பின்னால்
வானம் முழுசாய்த் தெரிந்திருக்கிறது.

பங்குனியில் வந்தாள் அந்த இன்ஜினியர் பிள்ளை,
ஷிப்னா, அக்குறணைக்காரி.
இரண்டு முள் வைத்த சின்னக் கருவியைக்
கட்டையில் குத்தினாள், பாம்பு கொத்துகிற மாதிரி.
நாற்பத்தேழு என்றாள்.
என்ன நாற்பத்தேழு?
"நூறு கிலோ கட்டையில நாற்பத்தேழு கிலோ தண்ணி.
நீங்க மொதல்ல ஒரு ஆத்தைக் காய்ச்சிட்டுத்தான்
தேயிலைக்கு வாறீங்க, அண்ணே."

டீமேக்கர் செபமாலை சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
பதினாறு வருஷம்.
ராத்திரிக்கு எத்தனை கட்டை, எத்தனை ஆறு,
கணக்குப் போடத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.
ட்ரையர் சூடு இறங்கினால் எனக்கு அரைப் பேர்தான்;
ஈரமோ காய்ந்ததோ, வாய் நிறையத் திணிப்பேன்.
சாம்பல் கதவு அகலத் திறந்தே கிடக்கும்.
காற்றைத் தின்றால்தான் தீ வளரும் என்பது என் படிப்பு.
அந்தக் காற்றே சூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு
குழாய் வழியே ஓடிப்போகும் என்பதை
யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பிறகு நடந்தது பெரிதாய் ஒன்றுமில்லை.
பழைய கொட்டகைத் தகரத்தைக் கழற்றி
விறகுக்கு ஒரு கூரை போட்டோம்.
முழ நீளத்துக்குப் பிளந்து, இடைவெளி விட்டு அடுக்கி
நாலு மாதம்.
பொகவந்தலாவை மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கட்டைகள் தம்பாட்டில் இளைத்தன.
ஆவணியில் குத்தியபோது இருபத்தொன்று.
மேலே வாட்டு மாடியில்
விசிறிகளுக்கு ஒரு பெட்டி பூட்டினார்கள்;
கொழுந்து பாதி வாடியதும்
இப்போது அவை குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன,
பிள்ளை தூங்கிய வீட்டில் பேசுகிற மாதிரி.

வாரத்துக்கு மூன்று லொறி விறகு வந்த இடத்தில் இரண்டு.
வராத லொறியின் மரங்கள்
எந்த மலையில் நிற்கின்றன என்று தெரியாது.
மூன்று மணிக்கு அடுப்பு தனியாய் முனகும்போது
அவற்றை நினைத்துக்கொள்வேன்.
நனைந்துகொண்டிருக்கும்.
நனையட்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
முன்பு பட்டையும் சிராயும்
வேலை முடிந்து போகிற பெண்கள்
கொங்காணியில் கட்டிக்கொண்டு போவார்கள்.
இப்போது பட்டைக்கும் தராசு.
ஆபிஸ் சுவரில் பச்சை இலை போட்ட சான்றிதழ்
கண்ணாடிக்குள் தொங்குகிறது.
தவமலர் ஈர மிலாறை ஊதிக்கொண்டு
கண்ணைத் துடைக்கிறாள்.
எங்கள் குழாய் விடாத புகை
இறங்கி வந்து
லயத்துக் கூரைக்கடியில் குடியேறிய மாதிரி இருக்கிறது.

கார்த்திகையில் ஷிப்னா திரும்ப வந்தபோது
வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.
குனிந்து அடுப்படி மிலாறில் குத்தினாள்.
ஐம்பத்திரண்டு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
இருமினாள், கொப்பியில் எழுதினாள்,
எந்தப் பக்கத்தில் என்று நான் பார்க்கவில்லை.
பட்டை விஷயம் துரையிடம் போயிருக்கிறது,
இன்னும் திரும்பவில்லை.

காலை ஐந்தரைக்குத் தவமலர்
ஒரு மிஸ்கோல் அடிக்கிறாள்.
நான் திருப்பி ஒன்று.
எரியுது என்று அர்த்தம்.