கண் தப்பியது

கன்னடியன் காலில் தண்ணி திறந்து
முப்பத்தோராம் நாள்.
காருகுறிச்சிக்குக் கிழக்கே, மூணாம் மடைக்கு உள்ளே
பதினொரு பேர் நிரை பிடித்துக் குனிந்திருக்கிறோம்.
கணுக்கால் வரை தொளி.
எது நெல், எது நெல்மேரட்டி என்று
கண்ணுக்கு முந்தியே கைக்குத் தெரியும்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடித்தண்டு சிவந்திருந்தால் பிடுங்கு.
தரையோடு சாய்ந்து படர்ந்தால் பிடுங்கு.
இலை நடுவில் வெள்ளைக்கோடு தடித்திருந்தால்
யோசிக்காதே, சுருட்டித் தொளிக்குள் மிதி.
இருபத்திரண்டு வருஷமாய் எனக்கு இதே வேலை.
எனக்கு முன்னால் குனிந்தவர்களுக்கும்
இதே சிவப்பு, இதே சாய்வு.
எத்தனை கார், எத்தனை பிசானம்,
எண்ணி வைத்தவர் இல்லை.

ஒரு கதிரில் உதிரும் ஆயிரம் விதையும்
ஒன்று போல் முளைப்பதில்லை.
ஒன்று கொஞ்சம் நிமிர்ந்து,
ஒன்று கொஞ்சம் வெளிறி,
ஒன்றுக்குத் தண்டில் சிவப்பு ஏற மறந்துபோய்.
நெல்லைப் பார்த்து நெல்லைப் போல் நிற்கப்
புல்லுக்குக் கண் ஏது?
கண் எங்களுடையது.
கண்ணில் பட்டதைப் பிடுங்கினோம்,
தப்பியது கதிர் விட்டது,
கதிர் விட்டது மறுபடி முளைத்தது,
கொஞ்சம் பச்சையாய், கொஞ்சம் நேராய்.

மழை, வெயில், பனி.
அதற்கு நாங்களும் ஒரு பருவம்.

நெல்லுக்குக் கழுத்தில் ஒரு சவ்வு உண்டு,
இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தில்,
வெங்காயத் தோலைக் கிழித்து ஒட்டிய மாதிரி.
இதற்கு அது இல்லை.
இன்னும் இல்லை.
இப்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன்,
ஒவ்வொரு தூராய் விரலால் பிரித்து.
நிரையில் பின்தங்குகிறேன்.

பின்தங்கினால் ஆகாது.
காலை ஆறரைக்கு ரயில்வே கேட்டில் மினிலாரி வரும்.
உச்சிமாகாளி இறங்காமலே பார்ப்பார்.
பதினெட்டுப் பேர் நிற்போம், பதினொன்று போதும்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடப்பவளை,
போன வாரம் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போனவளை
அந்தப் பார்வை தாண்டிப் போகும்.
பேராச்சிக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வெடித்துக் கிடக்கிறது.
சேலைக் கரையைப் பெருவிரல் வரை இழுத்து விட்டு
வலிக்காதவள் போல் நின்றாள்.
ஏறிவிட்டாள்.
என் இடப்பக்கம்தான் குனிந்திருக்கிறாள்,
மூச்சைப் பல்லில் கடித்து.

நடுவில் நாலு பூ எங்களைக் கூப்பிடவில்லை.
ஒரு டப்பா களைக்கொல்லி, ஒரு ஆள், முதுகில் ஒரு தெளிப்பான்.
நான் பீடி சுற்றப் போனேன்.
முதல் பூவில் வயல் துடைத்து விட்ட மாதிரி இருந்ததாம்.
சிவப்பு, பச்சை, சாய்வு, நிமிர்வு
மருந்துக்கு எல்லாம் ஒன்றுதான்.
ஆனால் வாய்க்கால் ஓரம் எங்கேயோ
குடித்தும் சாகாத ஒன்று இருந்திருக்கிறது.
மருந்து வருமுன்பே அது அப்படித்தான் இருந்திருக்கும்,
சும்மா, தன்பாட்டுக்கு.

நாலு பூ கழித்துப் போய்ப் பார்த்தால்
அடித்தண்டு சிவக்கச் சிவக்க
கூட்டமாய் நிற்கிறது, ஒளிவு மறைவில்லாமல்.
பார்க்க ஆள் இல்லாத வயலில்
சிவப்பாய் இருந்தால் என்ன நஷ்டம்?
அந்த வாரமே பிடுங்கித் தீர்த்தோம்.
சுலபமான கூலி.

அது ஆறு வருஷத்துக்கு முந்தி.
இன்றைக்கு என் கையில் இருப்பது
மருந்துக்கும் சாகவில்லை, சிவக்கவும் இல்லை.
கழுத்தைப் பிரிக்கிறேன்.
சவ்வு மாதிரி ஏதோ.
தேய்த்தால் வந்துவிட்டது,
சேற்றுத் தண்ணி காய்ந்த தோல்.

"நிரையை விடாதே, ஏய்" என்று வரப்பில் இருந்து உச்சிமாகாளி.
பேராச்சி எனக்கு நாலு முழம் முன்னால்.
அவள் தாண்டிய இடத்தில்
அவள் கண்ணுக்கு நெல்லாய்ப் பட்ட ஒன்று
காற்றுக்கு மற்றதோடு சேர்ந்து சாய்ந்து
சேர்ந்து நிமிர்கிறது.