ஒரு மணித்தியாலம்

இரணைமடுக் கட்டில்
போய்த் திரும்பேக்க மூச்சு விட்டுப்போகும்.
வயசெண்டு நினைச்சன்.
ஜெசிந்தா என்னை நிப்பாட்டி
கீழிமையை இழுத்துப் பாத்தாள்:
"வெள்ளையாக் கிடக்கு. ரத்தம் சோதியடி."

ஆஸ்பத்திரித் துண்டில்
ஃபெரிற்றின் ஏழு.
டொக்டர் பிள்ளை கேட்டா,
சாப்பிட்ட கையோட தேத்தண்ணியோ?
ஓம். அதில்லாமல் என்ன சாப்பாடு?
ஒரு மணித்தியாலம் பொறுங்கோ எண்டா.

பொறுக்கிறன்.
கேத்தில் என்னைப் பாக்குது,
நான் கேத்திலைப் பாக்கிறன்.
குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை,
அதுக்கு மேல பிழிஞ்ச அரைத் தேசிக்காய்.
ஞாயிறெண்டால் ஆட்டீரல்,
மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு
விறாந்தைக்குக் கோப்பையோட போவான்.
தந்த குளிசை வயித்தைப் பிடிக்குது.
அதையும் விழுங்கிறன்.

ஒண்டு மட்டும் டொக்டரிட்டைக் கேட்டன்.
இடது தொடையில் ரெண்டு துண்டு கிடக்கு,
மாத்தளனில் ஏறினது.
பதினஞ்சு வருசமாச் சுமக்கிற இரும்பு
ரத்தத்துக்கு உதவாதோ?
அவ சிரிக்கேல்லை.
பிறகு சிரிச்சா. நானும்.

மூண்டு மாசம்.
துண்டில் இப்ப பத்தொன்பது.
காணாதாம், இன்னும் ஏறோணுமாம்.
இண்டைக்குக் கட்டில் ரெண்டாந்தரமும் திரும்பேக்க
ஜெசிந்தா பின்னால நிண்டு கத்திறாள்,
"மெல்ல, மெல்ல!"
வான்கதவடியில் ஒரு கொக்கு
என்ரை சத்தத்துக்கும் எழும்பேல்லை.
குளத்துக் காத்தில் தொடை விறைக்குது,
அந்த ரெண்டும் நோகுது.

வீட்டை போய் முதல் தேத்தண்ணி.
இல்லை, முதல் புட்டு.
பிறகு,
சுவர் மணிக்கூட்டுக்கு நேரே
கதிரையை இழுத்துப் போட்டு...