பதினொரு வண்டிகள்

விடியுமுன்னே அரசுக் காட்டின் வாசலில்
பதினொரு வண்டிகள்.
ஒவ்வொரு கதவு அறைவதையும்
அது எண்ணிக்கொண்டிருக்கும் என்கிறாள்
டெல்ஃபின் க்ரூஷ்கா.
சிரிக்காமல்தான் சொல்கிறாள்.

விஸ்கான்சினில் ஆறு நவம்பர்களைத்
தோட்டா படாமல் கடந்த கலைமான்.

ஆரஞ்சுச் சட்டைகள் எல்லாம்
இரண்டு மைல் உள்ளே, ஓக் மேட்டுக்கு நடக்கின்றன.
அவளும் மூன்று வருஷம் நடந்தாள்.
குளம்படி கிடைத்தது,
ஆறிப்போனது.

போன சனிக்கிழமை
அவசரத்துக்கு ஒதுங்கிய இடத்தில்,
நிறுத்துமிடத்துக்குப் பின்னால் நாணல் சதுப்பில்
ஒரு படுக்கை:
அழுந்திய புல்,
பனி மூடாத நீள்வட்டம்.
குனிந்து பார்த்தாள்.
எல்லா வண்டியும் தெரிந்தன,
அவளுடையதின் உடைந்த பின்விளக்கும்.

இன்று வண்டியைத் தார்ச்சாலையிலேயே விட்டாள்.
கதவைச் சாத்தவே இல்லை.
நாணலைத் தாண்டி வரும் வடமேற்குக் காற்று
முகத்தில் எரிகிறது. எரியட்டும்.

எட்டேகாலுக்குப் பன்னிரண்டாவது வண்டி.
யாரோ சாவியைக் கீழே போட்டு
வைகிறான்.
நாணலுக்குள்
ஒரு காது மட்டும் திரும்புகிறது.

கட்டைவிரல் துப்பாக்கியின் பூட்டில்.
அது விலகும்போது
ஒரு சின்ன டிக் கேட்கும்.
அதையும் எண்ணுமோ.