இருபத்தெட்டுச் சிப்பம்

காற்று தள்ளும் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.
இல்லை, தூக்கும்.

ஆறு பலகை, பன்னிரண்டு சதுர மீட்டர் கண்ணாடி.
மணிக்கு நூற்று நாற்பதில் வந்தால்
ஆயிரத்து நூறு கிலோவை
அடியில் கைகொடுத்து அள்ளும்.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள் நான்;
எனக்குச் சிப்பமாகச் சொன்னால்தான் உறைக்கும்.
இருபத்தெட்டுச் சிப்பம் நெல்,
கூலி கேட்காத லோடுமேன்.

வேகம் இரண்டு மடங்கானால்
விசை நான்கு மடங்கு.
வாரக் குழுக் கடன்காரன்கூட
இப்படி ஏற்றுவதில்லை.

பஞ்சநதிக்குளத்தில் ஒரு சங்கடம்:
வெயில் தெற்கே, புயல் வடகிழக்கே.
சூரியனுக்கு முகம் கொடுத்தால்
வாடைக்கு முதுகைத் திறந்து வைக்க வேண்டும்.
உயர்ந்த வடக்கு விளிம்பின் கீழே
ஆள் குனிந்து நுழையும் அளவில்
ஒரு வாசல், அதற்கென்றே.

பதினொரு டிகிரி போதும் என்றேன்.
ஜெகபர்சாதிக் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"இருபது வைங்கக்கா, மழைத்தண்ணி வழியணும்ல,
காக்கா எச்சம் காஞ்சு ஒட்டிக்கும்" என்றார்.
நான்கு நாள் சண்டை.
கோணம் என்னுடையது, குழாய் அவருடையது
என்று முடிந்தது.
சட்டத்துக்கு எட்டு சி-சேனல்,
போன புயலில் சரிந்த பெட்ரோல் பங்க் கூரையுடையவை,
எடைக்கு வாங்கினோம்.
விழுந்ததை வைத்தா நிற்கப்போகிறோம் என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இங்கே மண்தான் பொய் சொல்லும்.
கார்த்திகையில் களி,
சித்திரையில் கை நுழையும் வெடிப்பு.
முதல் குழி ஓரடிச் சதுரம், மூன்றடி ஆழம்.
மாசிலாமணி கொத்தனார் கான்கிரீட் கொட்டி
இருபத்தொரு நாள் ஈரச்சாக்கு போர்த்தினார்.
பிறகு முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி,
மீன் ஏலக்கூடத்துத் தொங்குதராசை நடுவில் கோத்து
நாங்களே காற்றானோம்.

நூறு.
நூற்றெண்பது.
இருநூற்றுப் பத்தில்
பல் பிடுங்கும்போது ஈறு எழும்புமே, அப்படி
மண் ஒரு நூல் உயர்ந்தது.

ஒரு காலுக்கு வேண்டியது இருநூற்றெழுபத்தைந்து.

மறுபடி தோண்டினோம்.
இந்த முறை அடியில் குடம்போல அகட்டி,
மேலிருக்கும் மண்ணும் எடையில் சேரும்படி.
நானூறு வரை இழுத்தும் அசையவில்லை,
செயின் பிளாக்கின் கொக்கிதான் வாய் திறந்தது.
கொத்தனார் பீடி பற்றவைத்தார்.

அப்படியும் தெற்கு விளிம்பில் கீல் வைத்தேன்.
இரண்டு பின்னை உருவினால்
வடக்குக்கால் உறைக்குள் இறங்கி
மொத்தமும் மட்டமாகப் படுக்கும்.
"என் வெல்டிங் மேல நம்பிக்கையில்லையா?"
வெல்டிங்கை நம்புகிறேன்.
நூற்று நாற்பது என்பது நான் எழுதிய எண்;
காற்று அதில் கையெழுத்துப் போடவில்லை.

கார்த்திகை பிறந்து ஒன்பதாம் நாள்
நாகையில் எட்டாம் எண் கூண்டு ஏறியது.
நானும் நாத்தனார் தையல்நாயகியும்
தூறலில், டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு,
பின்னை உருவி, புதுக் கொக்கியில் மெல்ல இறக்கிக்
கயிறு போட்டோம்.
இரவெல்லாம் விழித்திருந்தேன்.
ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கிலோ எழுதினேன்.

விடியும்போது புயல் வடக்கே திரும்பிவிட்டிருந்தது.
முருங்கைகூட முறியவில்லை.

எல்லாரும் கும்பிட்டார்கள். நானும்.
உள்ளே ஒரு நூல் ஏமாற்றம் எழும்பியது,
வெட்கமாக இருந்தது.
சாக்குப்பையைப் போட்டு மூடுவதுபோல்
அதை யாருக்கும் காட்டவில்லை.

படுத்த கண்ணாடியில் மழை தேங்கி
ஒரு தவளை குடியேறியிருந்தது.
தூக்கினோம். பின்னைச் செருகுமுன்பே
அத்தனை தண்ணீரும் தையல்நாயகி காலில் கொட்டியது.
அவள் வைத வசவில்
தவளை ஓடிப்போனது.

எட்டரைக்கு மோட்டார் எடுத்தது.
ஜெகபர்சாதிக்குக்குப் போன் போட்டு
ஒன்றே ஒன்று சொன்னேன்:
பதினொரு டிகிரியில் தண்ணீர் வழிகிறது.