சரிபார்ப்பு: பொய்

ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி, கடலூர் முதுநகர்.
சுவரெல்லாம் குளிர். ஏ.சி. தேவைப்படவில்லை,
அதைச் சொல்லியே வாடகையை ஏற்றினார்கள்.

எனக்கு வந்தது ஒரே ஒரு கட்டளை.
கறுப்புத் திரையில் ஒட்டினால் ஓடும் கர்ல்.
ஏழு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும்
சாய்ந்த ஒரு கோடு,
இரு, இன்னும் முடியவில்லை என்று கைகாட்டுகிற மாதிரி.
துறைமுகத்துச் சர்வரிடம் போய்க் கேட்கும்:
இப்போது எத்தனையாம் எண் கூண்டு?
பதில் ஓர் இலக்கம்.

எழுதியவன் தஸ்தகீர், மூன்று வருஷத்துக்கு முன்.
இப்போது ஷார்ஜாவில் யாருக்கோ பில் போடும் மென்பொருள்.

நாலு மொழியில் மாற்றிக் கொடு என்றார்கள்.
மீன்வளத் துறைக்குப் பி.எச்.பி.,
கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைதான்,
புது சர்வருக்குக் கோ,
சோனங்குப்பத்து ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நோட்.

மாற்றித்தர ஒரு கருவி இருக்கிறது.
இந்தப் பக்கம் ஒட்டினால் அந்தப் பக்கம் கொட்டும்.
மேற்கோள் குறிக்குள் மேற்கோள் குறி வந்தால்
கொஞ்சம் திணறும்.
மற்றபடி முறுக்குப் பிழிகிற வேலைதான்,
மாவு ஒன்று, அச்சை மாற்றினால் போதும்.

கட்டளையின் நடுவில்
ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டிச் சின்னதாய் ஒரு கே.
நான் அதைப் பார்த்ததாகவே நினைவில்லை.
சோற்றுக்குள் மீன்முள் மாதிரி கிடந்தது.

கருவி பார்த்துவிட்டது.
அதற்கு விழுங்கத் தெரியாது.

பைதானில் எழுதியது: சரிபார்ப்பு, பொய்.
பி.எச்.பி.யில்: எதிராளியைச் சோதித்தல், சுழியம்.
நோடில்: அங்கீகாரமற்றவரை மறுத்தல், பொய்.
கோ மட்டும் கூசாமல்:
ஆபத்தென்று தெரிந்தே தாண்டிப்போ, மெய்.

இரண்டு பொய், ஒரு சுழியம், ஒரு மெய்.
நாலுக்கும் அர்த்தம் ஒன்று:
எதிரில் இருப்பவன் யாரென்று கேட்காதே.

தஸ்தகீரைக் கூப்பிட்டேன்.
"எந்தக் கே?" என்றான்.
அப்புறம்,
"ஓ... அன்னிக்கு ராத்திரி சர்டிஃபிகேட் காலாவதி ஆயிருந்துச்சு.
கரண்ட் இல்ல, யு.பி.எஸ்.ல பதினஞ்சு நிமிஷந்தான்.
போட்டெல்லாம் கடல்ல.
காலைல எடுத்துடலாம்னு போட்டேன்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"நம்பர் சரியாத்தான் வந்துச்சு" என்றான்.

எடுத்துப் பார்த்தேன்.
நாலு மொழியும் கதவைச் சாத்திக்கொண்டன.
சான்றிதழ் காலாவதி,
அந்த ராத்திரியிலிருந்து இன்றுவரை.

துறைமுக அலுவலகத்துக்கு எழுதினேன், பிறகு போன் செய்தேன்.
"ஓடுதுல்ல? அப்புறம் என்னம்மா?"

எடுத்ததைத் திரும்ப வைத்தேன்.
நாலு மொழியிலும்,
ஒரு கமா பிசகாமல்.

ராத்திரி ஒன்பதரைக்குத் திரை சொன்னது: ஒன்று.
சோனங்குப்பத்துப் பெட்டியும் சொல்லியிருக்கும்.
சாப்பிட்ட தட்டைக் கழுவாமல்
வண்டியை எடுத்தேன்.

துறைமுகத்தில் டீசல் வாடை, காலுக்குக் கீழே ஈர மணல்.
கம்பத்தின் உச்சியில் விளக்கு எரிந்தது.
அண்ணாந்து நின்று எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

வலை மடித்துக்கொண்டிருந்த ஒருத்தர்
"என்னம்மா பாக்குற?" என்றார்.
"எத்தனாம் நம்பர்னு."
"அதான் போன்லயே வருதே"
என்று தன் போனை என் பக்கம் திருப்பினார்.

ஒன்று என்றிருந்தது.
அதன் கீழே, பொடி எழுத்தில்,
எங்கள் கம்பெனி பெயர்.