கரையோர நீர்

லேனா ஆறு உறைந்த கனத்தை
ஒன்பது குளிர்காலமாய் அளக்கிறவள் நான்.
துளைபோட்டுக் கோல் இறக்கி
நூற்றிருபது, நூற்றெட்டு, தொண்ணூற்று மூன்று என்று
நீலக் கட்டமிட்ட பதிவேட்டில் எழுதுவேன்.
லாரி போகலாம், கார் மட்டும் போகலாம்,
இனி யாரும் இறங்கக் கூடாது:
எல்லாம் என் கையெழுத்து.

இந்த ஏப்ரலில் கோலை வேறொருவனிடம் கொடுத்தார்கள்.
பதிவேட்டை நான் கொடுக்கவில்லை.

முப்பத்தாறாம் வாரம்
வயிறு கல்லாய் இறுகியது.
பனிப்பாதை மூடியாயிற்று, காற்றுப்படகுதான்.
இரைச்சலில் என் காதருகே டியூலுஸ்தான் கத்துகிறான்:
"இப்போ எப்படி இருக்கு?"
நடு ஆற்றில் வலி நின்றுபோனது,
விருந்தாளி செருப்பை மாட்டிக்கொண்டு
சொல்லாமல் கிளம்பியதுபோல.
ஓட்டுநர் கவ்ரீல் திரும்பிப் பார்த்து
"திருப்பவா?" என்றார்.

யாக்கூத்ஸ்கில் ஓர் இளம் மருத்துவர்
கையுறையைக் கழற்றியபடியே சொன்னார்: பொய்வலி.
பொய்தான், சரி.
மெய்யில்தான் வலித்தது.

இரண்டாம் தடவை
ஆரஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பினோம்,
கடைக்குப் போய்வந்ததாக
ஊரில் சொல்லிக்கொள்ள.

எங்கள் கரையின் மருத்துவ உதவியாளர் ஜினைதா
ஓர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே பேசினாள்.
"ரெண்டு குவளைத் தண்ணி குடி.
இடப்பக்கம் படு. அப்புறம் எழுந்து நட.
நடந்தா அடங்குதா, விடு.
நீ நடக்க நடக்கக் கூடவே வருதா,
என்னை எழுப்பு, மணி பார்க்காதே.
முன்வயித்துல மட்டும் இழுத்தா பொறு.
முதுகுல கிளம்பி இடுப்பைச் சுத்தி வந்தா
பொறுக்காதே.
நீரோ ரத்தமோ கண்டுட்டா
நடையும் வேணாம் கணக்கும் வேணாம், நேரா வா."
சுளை ஒன்றை என்னிடம் நீட்டினாள். புளித்தது.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
புதிதாய்க் கட்டம் போட்டேன்.
பதினேழு நிமிடம். ஒன்பது. இருபத்தாறு.
பிறகு ஒரு மணிநேரம் வெற்றுக் கட்டம்,
உள்ளே விக்கல் மட்டும்.

நவம்பர் இரவுகளில் ஆறு வெடிக்கும் சத்தம் கேட்டு
புதிதாய் வந்தவர்கள் எழுந்து உட்கார்வார்கள்.
சத்தம் போட்டால் இறுகுகிறது, தூங்குங்கள் என்பேன்.
உடையப் போகிற பனிக்கட்டி பேசாது.
கரையை விட்டு மெல்ல மேலெழும்.
ஓரத்தில் கறுப்பாய் ஒரு நீர்க்கோடு தெரியும்.
அதைக் கண்டபின்
யாரையும் இறங்க விட்டதில்லை.

என் உடம்பிலும் அந்தக் கோட்டுக்காகக் காத்திருந்தேன்.
ஆற்றைப் படித்தவளுக்கு
இது என்ன பெரிய பாடம் என்று ஒரு திமிர்.

மே பதினொன்று.
நீர் உடையவில்லை.
மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.
"உப்பை எங்கே வ..." என்று ஆரம்பித்தேன்,
சொல் முடியவில்லை.
ரொம்ப நேரம் கழித்து
"...வைத்தாய்?" என்றேன்.
அவன் உப்பை எடுத்து வந்தான்.
அடுத்த வாக்கியமும் பாதியில் நின்றது.

தண்ணீர் குடித்தேன். படுத்தேன். நடந்தேன்.
அடுப்பிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து அடுப்பு.
அது கூடவே வந்தது,
என்னைவிட ஒழுங்கான நடையில்.
ஏழு. ஏழு. ஆறு. ஆறு.
ஐந்தை எழுத என் கை எழவில்லை.
அவன் எழுதினான், கோணலாய், கோட்டைத் தாண்டி.
பக்கமெல்லாம் மாவு.

படகுத்துறையில் ஜினைதா எனக்கு முன்பே நின்றாள்,
இரவு உடுப்புக்கு மேல் கோட்டு, ரப்பர் செருப்பு.
கரையோரம்
கறுப்பாய் ஒரு கோடு.
இரண்டு விரல் அகலம் இருக்கும்.
என் பதிவேட்டின்படி இனி யாரும் இறங்கக் கூடாது.

"இந்தத் தடவை நிஜந்தானா?" என்றார் கவ்ரீல்.
பதில் சொல்ல வாய் திறந்தேன்.
அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார்.
எஞ்சினைக் கிளப்பினார்.